மாதிரிக்கு ஒரு மின்னஞ்சல்

சிட்னியில் லிட்கம் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டு முகவரோடு சண்டை, மற்றப் பாதிப் பேருக்கு நகரசபையோடு சண்டை. இந்த இரண்டு சண்டைகளையும் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுக்கிறவர் பேர்ள். கூரை ஒழுகுகிறதா, பக்கத்து வீட்டுக்காரன் மரத்தை வெட்டமாட்டேன் என்கிறானா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லையாமா, நேரே பேர்ளின் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள், பொரித்த மீனோ மரவள்ளிக்கிழங்கோ ஏதாவது பையில் இருக்கும். கதிரையில் உட்கார்ந்து, கதையைத் தங்கள் கலியாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பேர்ள் கையைக் காட்டி நிறுத்துவார். "அதெல்லாம் இருக்கட்டும். அவையள் என்ன செய்யவேணும் எண்டு கேக்கிறீங்கள்? அதை ஒரு வசனத்தில சொல்லுங்கோ."

அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்குள் வந்தவருக்கு வேர்த்துவிடும். நம் ஆட்களுக்கு எதையும் எடுத்த எடுப்பில் கேட்டுப் பழக்கமில்லையே. சுகம் விசாரிக்க வேண்டும், சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், நாலு இடம் சுற்றி வந்து, எழும்பிப் போகிற நேரத்தில் வாசலில் நின்றுதான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள்.

பேர்ளும் அப்படி வளர்ந்தவர்தான். மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, தொண்ணூறுகளின் கடைசியில் கணவன் வின்சன்டோடு சிட்னிக்கு வந்து, முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். வின்சன்டுக்குச் சிறுநீரகம் பழுதாகி முதல் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தபோது, லீவு கேட்டு மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். மேலாளரின் சுகத்தை விசாரித்தார். நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்புக் கேட்டார். வின்சன்டின் வருத்தத்தை முதல் காய்ச்சலிலிருந்து சொன்னார். லீவைக் கடைசிப் பந்தியில் கேட்டார். மேலாளர் பாதியோடு நிறுத்திவிட்டு, கணவர் சீக்கிரம் குணமாகட்டும் என்று அன்பாகப் பதில் போட்டார். லீவு மட்டும் கிடைக்கவில்லை. வின்சன்டை மயக்கி உள்ளே கொண்டுபோன நேரத்தில் பேர்ள் யாரோ முதியவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"பேர்ள், முதல் வரியிலேயே கேட்டிருக்கலாமே" என்றாராம் அந்த மேலாளர், பிறகு உண்மையாகவே வருந்தி. பேர்ளுக்கு அது வேதவாக்காகிவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போனார். தலைப்பில் விஷயத்தைச் சொல். கேட்பதை முதல் வரியில் கேள். ஒரு மின்னஞ்சலில் ஒரே விஷயம். ஒருவரைப் பற்றிச் சொல்வதென்றால் பத்துப் புகழ்ச்சி வேண்டாம், நடந்த சம்பவம் ஒன்றைச் சொல். யார் செய்தார் என்பதை மறைக்காதே. இதையெல்லாம் பேர்ள் அங்கே நெட்டுருப் பண்ணினார். சில வருடத்தில் சலவைப் பகுதியிலிருந்து அலுவலகத்துக்கு ஏற்றினார்கள். அந்த இல்லத்தில் யார் எந்த நாள் வேலைக்கு வருவது என்பதை ஒழுங்குபடுத்தி அறிவிப்பது இப்போது பேர்ள்தான்.

வின்சன்ட் டயாலிசிஸுக்குப் போன காலம் முழுக்க அவரை ஏற்றி இறக்கியவன் டிலுக்சன். பக்கத்து ஊரான ஓபர்னில் ஒரு டயர்க் கடையில் வேலை. மன்னார்க் கரையோரத்திலிருந்து இருபது வயதில் படகில் வந்தவன். முப்பதைத் தாண்டிய பிறகும் கையில் நிரந்தரமாக ஒரு கடதாசி இல்லை. தற்காலிகம், நீட்டிப்பு, மறுப்பு, மேன்முறையீடு என்றே அவனுடைய இளமை போய்விட்டது. ஒருநாள் கோயில் வாசலில் வின்சன்ட் கால் தடுக்கி விழப்பார்த்தபோது பிடித்தவன், அதற்குப் பிறகு விடவில்லை. காசு கொடுத்தால் முகத்தைச் சுளிப்பான். சாப்பாடு கொடுத்தால் மட்டும் வாங்குவான்.

வின்சன்டின் கடைசி நாள் பின்னேரம் பேர்ள் ரயிலில் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி அறைக்குள் ஓடிப்போனபோது டிலுக்சன் கட்டிலின் கால்மாட்டில் குந்தியிருந்தான். கால் குளிருது, கால் குளிருது என்று வின்சன்ட் முனகினாராம். கால் மேஸைக் கழற்றிவிட்டு, டயர் மை ஏறிய அந்தக் கைகளால் இரண்டு பாதங்களையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தான். பேர்ள் போய்க் கையைப் பிடித்த சிறிது நேரத்தில் வின்சன்டின் மூச்சு நின்றது. டிலுக்சன் அது தெரியாமல் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தான். இதைப் பேர்ள் ஒருவருக்கும் சொன்னதில்லை, சொந்தத் தங்கைக்குக்கூட. சொன்னால் அந்தப் பின்னேரம் கைவிட்டுப் போய்விடும் என்று ஒரு பயம்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. போன வருடக் கடைசியில் டிலுக்சனுக்கு எல்லா வழியும் அடைபட்டு, கடைசியாக ஒரு மனு மட்டும் மிஞ்சியது. அதுவும் சரிவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனுடைய வழக்கறிஞர் தர்ஷனா இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழைத் தேடித் தேடிக் கதைப்பாள். அவள் பேர்ளிடம் வந்து, "அன்ரி, கொமியூனிற்றி சப்போர்ட் இருக்கு எண்டு காட்டவேணும். தெரிஞ்ச ஆக்கள் ஆளாளுக்கு ஒரு இமெயில் எழுதினா ஹெல்ப்பா இருக்கும்" என்றாள்.

பேர்ள் அன்றே உட்கார்ந்தார். தலைப்பில் டிலுக்சனின் பெயரும் மனு இலக்கமும். முதல் வரியில், இவரை இந்த நாட்டில் இருக்க விடுங்கள் என்ற வேண்டுகோள். அடுத்து, நடந்த சம்பவம் ஒன்று. எதை எழுதுவது என்று அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கணவரின் குளிர்ந்த கால்களை எழுதினார். மூச்சு நின்ற பிறகும் அவன் நிறுத்தவில்லை என்று எழுதினார். எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேர்ள் அதுவரை எழுதியதில் அதுதான் மிக நன்றாக வந்த மின்னஞ்சல், அது அவருக்கே தெரிந்தது.

அதற்குள் கோயில் வாட்ஸப் குழுவில் கேள்விகள் குவிந்திருந்தன. எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது, எங்கட இங்கிலீசைப் பார்த்துச் சிரிக்கமாட்டாங்களோ. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக் களைத்துப்போன பேர்ள், அனுப்பிவைத்த தன்னுடையதை அப்படியே குழுவில் போட்டார். கீழே தான் அனுப்பிய குடிவரவு அலுவலக முகவரியையும் போட்டார். "மாதிரிக்கு. இப்பிடி ஒழுங்கா எழுதுங்கோ" என்று ஒரு வரி. கும்பிடு கைகளும் பூக்களும் வந்து விழுந்தன. அன்று பேர்ளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதும் உண்மைதான்.

மாதிரி என்று கொடுத்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது பேர்ளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே. சுகவீன விடுமுறைக் கடிதம், மழை நாள் கட்டுரை, எல்லாவற்றுக்கும் மாதிரி இருந்தது. அதை ஒரு எழுத்தும் மாறாமல் மனப்பாடம் செய்து எழுதியவருக்கு முழுப் புள்ளி. சொந்தமாக எழுதியவருக்குச் சிவப்புக் கோடு. மாதிரியை மாற்றுவது எழுதினவரை அவமதிப்பது. பேர்ள் அன்ரியின் இங்கிலீசில் கை வைக்க லிட்கமில் யாருக்குத் துணிவு வரும்?

பிறகு ஒருநாள் தர்ஷனா பேர்ளைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு கட்டுக் கடதாசி. முகத்தில் ஈயாடவில்லை.

"இதுகளை நீங்கள் பாத்தனீங்களோ, அன்ரி? எல்லாரும் என்னட்ட அனுப்பாமல் நேராக் குடிவரவு ஒஃபிசுக்கே அனுப்பியிருக்கினம். அவங்கள் கொப்பி எடுத்து எனக்குத் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறாங்கள்."

பேர்ள் முதல் தாளை எடுத்தார். பூசைக்கு வருகிற பவளம் அனுப்பியது. டிலுக்சன் அவருடைய மாமியாரின் குளிர்ந்த கால்களைத் தேய்த்திருந்தான். இரண்டாவது தாளில் ஒருவரின் தகப்பன். மூன்றாவதில் பெரியப்பா. அறை ஒன்றுதான், மேஸ் ஒன்றுதான், மூச்சு நின்ற பிறகும் நிறுத்தவில்லை என்ற வரியும் ஒன்றுதான். கலியாணமே கட்டாத சுபாங்கன் ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பியிருந்தான். மீசை வைத்த அந்தப் பெடியன் தன் காலஞ்சென்ற கணவரை நினைத்து உருகியிருந்தான். வேறு நேரமென்றால் பேர்ள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

முப்பது மின்னஞ்சல்கள். பேர்ளுடையதோடு முப்பத்தொன்று. தர்ஷனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அன்ரி, சொறி. நான் கேட்டுத்தான் ஆகவேணும். இதில எது ரியல்? ஒண்டாவது ரியலோ?"

பேர்ளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தங்கைக்கும் சொல்லாமல் வைத்திருந்த பின்னேரம் அது. இப்போது முப்பத்தொரு தாள்களில் ஒன்றாகக் கிடந்தது, எடுத்துப் பார்க்கிற யாருக்கும் எது எதுவென்று தெரியாமல். "என்ர மனிசன், பிள்ளை. என்ர மனிசனுக்கு நடந்தது" என்றார்.

தர்ஷனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அந்தக் கட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நிலைமையைச் சொன்னாள். பதில் கொடுக்க இரண்டு வாரம் இருக்கிறது. இப்படியே விட்டால் டிலுக்சனே எல்லாவற்றையும் சோடித்தான் என்றுதான் எடுப்பார்கள். யார் முதலில் எழுதினார், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பேர்ள் விளக்கம் எழுத வேண்டும். தெளிவாக, உண்மையாக.

தெளிவாக எழுதுவது என்றால் என்னவென்று பேர்ளுக்கு ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. முப்பது பேர் தங்களுக்கு நடக்காததை நடந்தது என்று எழுதிக் கீழே பெயர் போட்டார்கள். அதை எழுத வேண்டும். குடிவரவு அலுவலகத்துக்கே எழுத வேண்டும். அந்த முப்பது பேரில் சிலருடைய குடியுரிமை இன்னும் முடியவில்லை, சிலர் ஊரிலிருந்து தாயைக் கூப்பிட எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றவர்களிடம் பேர்ள் விஷயத்தைச் சொன்னார். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் மண்டபம் கொதித்தது.

"நீங்கள்தானே அன்ரி அனுப்பினது? இப்பிடி எழுதுங்கோ எண்டு போட்டனீங்கள், நாங்கள் எழுதினம்" என்றான் சுபாங்கன்.

"இப்பிடி எண்டா இந்த மாதிரி எண்டு தம்பி. இதையே எண்டில்லை."

டில்ஷா கைக்குழந்தையை இடுப்பில் மாற்றினாள். அவளுக்கு அடுத்த மாதம் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். "அன்ரி, நான் பொய் எழுதினனான் எண்டு நீங்கள் அவங்களுக்கு எழுதினா என்ர கதை என்ன? டிலுக்சன் அண்ணா நல்லவர், அதாலதானே எழுதினனான். நீங்கள் கெட்டிக்காரி. கொஞ்சம் மேலோட்டமா எழுதுங்கோவன். ஏதோ பிழை நடந்துட்டுது எண்டு."

மேலோட்டமாக எழுதவும் பேர்ளுக்குத் தெரியும். அலுவலகத்தில் பெரியவர்கள் தவறு செய்துவிட்டு அப்படித்தான் எழுதுவார்கள். குழப்பம் ஏற்பட்டுள்ளது, வருந்துகிறோம். யார் குழப்பினார், யார் வருந்துகிறார் என்று அதில் இருக்காது. அப்படி எழுதினால் லிட்கமில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். டிலுக்சன் மட்டும் போக வேண்டியிருக்கும்.

பவளம் கோப்பையை மேசையில் வைத்தார். எழுபதைத் தொட்ட விதவை. ஆங்கிலம் வாசிக்கவும் வராது, மகளைக் கொண்டு அனுப்பியவர். "எனக்கு மாமியே இல்லை. நான் கலியாணம் கட்ட முதலே செத்துப்போனா. அந்தப் பெடியன் என்ர வீட்டுப் புல்லு வெட்டித் தாறவன், அதை எழுதச் சொல்லியிருக்கலாம். புல்லு வெட்டினதை எழுதினா ஆர் பாக்கப்போயினம் எண்டு நினைச்சிட்டன். என்ர பேரைப் போடுங்கோ பேர்ள். பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் போடுங்கோ."

சிலர் கோப்பையைக்கூட வைக்காமல் வெளியே நடந்தார்கள்.

பேர்ள் வீட்டுக்கு வந்து குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். தலைப்புப் போட்டார். முதல் வரி வந்தது: 'இந்த முப்பத்தொரு மின்னஞ்சல்களில் சொல்லப்பட்ட சம்பவம் ஒருமுறைதான் நடந்தது, என் கணவர் வின்சன்டுக்கு.' இரண்டாவது வரியும் வந்தது: 'மற்ற முப்பது பேரும் நான் அனுப்பிய மாதிரியைப் பிரதி செய்தார்கள்.' அதோடு கை நின்றுவிட்டது. ஏன் செய்தார்கள் என்பதை எப்படி எழுதுவது? ஆங்கிலம் என்றால் கூசுகிற அந்த மனிதர்களை, மாதிரியை மாற்றாமல் எழுதிப் புள்ளி வாங்கிய பள்ளிக்கூடத்தை, அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதைப்பை எந்த ஒரு வசனத்துக்குள் அடக்குவது? பேர்ள் எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார். கடைசியில் நீளமான ஒரு பந்தியாக, சுற்றி வளைத்து, வகுப்பில் படித்த ஒன்றையும் பாராமல் எழுதினார். யாரும் அதுவரை வாசிக்கமாட்டார்களோ என்று பயந்துகொண்டே எழுதினார். கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

அனுப்பியதைக் குழுவிலும் சொன்னார். மறைத்து வைக்க மனம் வரவில்லை. ஒரு கும்பிடு கையும் வரவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் அவருடைய வாங்கில் உட்கார்ந்தது அவரும் பவளமும்தான். கூரை ஒழுகினவர்கள் பக்கெட் வைத்துச் சமாளித்தார்கள். பேர்ளின் கதவை ஒருவரும் தட்டவில்லை. டில்ஷாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சத்தியப்பிரமாணம் செய்து படமும் போட்டாள். அந்த முப்பது பேரில் ஒருவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பேர்ளைக் கண்டால் எல்லோரும் தொலைபேசியைப் பார்த்தார்கள். பேர்ளுக்கு அது வலித்தது. வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த வின்சன்டின் படத்தோடு சண்டை பிடித்தார்.

முடிவு வந்த நாள் தர்ஷனா தொலைபேசி எடுத்தாள். மறுத்துவிட்டார்கள்.

"இமெயில் மட்டும் ரீசன் இல்லை, அன்ரி. வேற கனக்க இருக்கு."

சொற்களை நிறுத்துப் போட்டே பழகியவருக்கு அந்த 'மட்டும்' போதும். அன்றும் மறுநாளும் அவர் ஒன்றும் சமைக்கவில்லை.

டிலுக்சன் போவதற்கு முதல் கிழமை பேர்ளின் வீட்டுக்கு வந்தான். வழக்கம்போல நேரே குசினிக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தான். பேர்ள் சோறும் மீன் குழம்பும் போட்டுக் கொடுத்தார். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அடக்க முடியவில்லை.

"என்னாலதான் மகன். நான் அதைக் குறூப்பில போட்டிருக்கக் கூடாது. என்ர பெருமை உன்னைத் திண்டுட்டுது."

"விடுங்கோ அன்ரி." அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான். "ஒண்டு கேக்கவேணும். அந்த இமெயில் எல்லாம் உங்களிட்டப் பிரின்ற் எடுத்துக் கிடக்காம், தர்ஷனா அக்கா சொன்னவ. எனக்குத் தருவீங்களோ?"

"உனக்கு என்னத்துக்கு அது?"

"நான் இஞ்ச வந்து இவ்வளவு வருசம். எனக்கெண்டு ஒருத்தரும் இல்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஒரு கையெழுத்துப் போட ஆளில்லாமல் வாடகைக்கு வீடு எடுக்க ஏலாமல் திரிஞ்சனான். முப்பது பேர் எனக்காகப் பேர் போட்டு எழுதியிருக்கினம், அன்ரி. அதில பாதிப் பேருக்கு என்ர முழுப் பேர்கூடத் தெரியாது." அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு சரியாக வரவில்லை. "அம்மாட்டக் காட்டப்போறன். அவவுக்கு இங்கிலீசு தெரியாது. ஒவ்வொண்டா வாசிச்சுச் சொல்லுவன். இது ஒராளின்ர மாமி, இது ஒராளின்ர தகப்பன் எண்டு. உன்ர மகன் சிட்னியில சும்மா இருக்கேல்லை, இத்தினை பேரின்ர காலைப் பிடிச்சு வழியனுப்பினவன் எண்டு சொல்லுவன். பொய்யெண்டு அவவுக்குச் சொல்லமாட்டன்."

பேர்ள் உள்ளே போய் அந்தக் கட்டை எடுத்து வந்தார். தன்னுடையது எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. பழுப்பு உறைக்குள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து அவன் கையில் கொடுத்தார். கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவில்லை.

"சொல்லாதை மகன்" என்றார். "பொய்யெண்டு அம்மாவுக்குச் சொல்லாதை."

"ஓம் அன்ரி. அப்ப, போட்டு வாறன்" என்று டிலுக்சன் எழுந்தான்.